‘புரியவில்லை’ என்று எழுதலாமா? கடவுச்சொல் பேட்ச்களை ரிவ்யூ செய்பவர்களின் கேள்விகள்

திறமூல மென்பொருளுக்கு உதவ வருபவர்களில் பெரும்பாலானோர் நிரல் எழுதத்தான் வருகிறார்கள். அடுத்தவர் எழுதியதைப் படித்துப் பார்க்க ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும், லாகின் பகுதி என்றதும் "அது மட்டும் வேண்டாம் அண்ணா" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். சிறிய லாகின் நூலகம் (மற்ற மென்பொருள்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பு) ஒன்றைச் சில வருடங்களாகப் பராமரித்து வருகிறேன். புதிதாக ரிவ்யூ செய்ய வந்தவர்கள் என்னிடம் கேட்டதும், நான் புதியவனாக இருந்தபோது மற்றவர்களிடம் கேட்டதும் இங்கே இருக்கின்றன.

பேட்ச், ரிவ்யூ, மெர்ஜ்: இவை என்ன?

நிரலில் எந்த வரிகள் போகின்றன, எவை வருகின்றன என்று காட்டும் துண்டு பேட்ச். அதை மூல நிரலோடு சேர்ப்பது மெர்ஜ். சேர்க்கும் முன் இன்னொருவர் உட்கார்ந்து படிப்பது ரிவ்யூ. அவ்வளவுதான்.

எந்தப் பேட்சைத் தெளிவில்லாதது என்கிறீர்கள்?

கடவுச்சொல்லை அப்படியே சேமிக்காமல், திரும்பப் பிரிக்க முடியாத ஒரு குறியீடாக மாற்றிச் சேமிப்பார்கள்; அந்தக் குறியீடுதான் ஹாஷ். கடினமான கணக்கெல்லாம் ஹாஷ் நூலகத்துக்குள் இருக்கும். நம் கைக்கு வருவது பெரும்பாலும் நாலு ‘இஃப்’, ரெண்டு ‘ரிட்டர்ன்’. அதனால் நிரல் புரியாமல் போவது குறைவு. எதற்காக மாற்றினார்கள் என்பதுதான் புரியாது. "லாகின் பிரச்சினை சரிசெய்யப்பட்டது" என்று ஒரு வரி விளக்கம் இருக்கும், உள்ளே போனால் 14 கோப்புகள் மாறியிருக்கும். என்ன பிரச்சினை, யாருக்கு வந்தது, எப்படிச் செய்தால் மறுபடி வரும், எதுவும் இருக்காது.

இன்னொரு வகை, கலப்படம். மாறிகளின் பெயர் மாற்றம், இடைவெளி ஒழுங்கு, கோப்பு இடமாற்றம் எல்லாம் ஒரே மூட்டையாக வரும். அதற்குள் நிபந்தனை ஒன்றும் சத்தமில்லாமல் மாறியிருக்கும். ஒரு பேட்சில் ஒரு தர்க்க மாற்றம்தான் இருக்க வேண்டும் என்று லினக்ஸ் கெர்னல் திட்டம் எழுதியே வைத்திருக்கிறது. அரிசியோடு உளுந்தையும் கொட்டிக் கலந்துவிட்டுக் கல் பொறுக்கச் சொன்னால் எப்படி? முதலில் பிரித்துக் கொண்டுவரச் சொல்லுங்கள். பெயர் மாற்றம் தனிப் பேட்ச், நிபந்தனை மாற்றம் தனிப் பேட்ச். பிரிக்கும்போதே அனுப்பியவருக்குத் தன் தவறு கண்ணில் பட்டுவிடுவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

எனக்குத்தான் தெரியவில்லையோ என்று கூச்சமாக இருக்கிறது. ‘புரியவில்லை’ என்று எழுதலாமா?

எழுதலாம். அதுவும் முழுமையான ரிவ்யூதான். ஆனால் வெறும் ‘புரியவில்லை’யோடு நிறுத்தாதீர்கள். எந்த வரி, அதை நீங்கள் எப்படிப் புரிந்துகொண்டீர்கள், எந்த இடத்தில் வழி தவறியது என்று சேர்த்து எழுதுங்கள்: "இந்த வரிக்குப் பிறகு, பயனர் பெயர் இல்லாவிட்டாலும் கீழே உள்ள ஒப்பீட்டுக்குப் போகும் என்று படிக்கிறேன். அப்படித்தானா?" இதற்கு ஆம், இல்லை என்றாவது பதில் சொல்லியே ஆகவேண்டும்.

கேள்வியும் பதிலும் அரைகுறையாக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு டெபியன் கதை இருக்கிறது. டெபியன், உபுண்டு இரண்டும் லினக்ஸ் வெளியீடுகள். 2006-இல், ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறையாக்க நூலகத்தில் இரண்டு வரிகளைப் பற்றி வால்கிரைண்ட் என்ற சோதனைக் கருவி எச்சரிக்கை கொடுத்துக்கொண்டே இருந்தது. டெபியனின் பராமரிப்பாளர் ஒருவர், பிழை தேடுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதே, எடுத்துவிடலாமா என்று ஓப்பன்எஸ்எஸ்எல் ஆட்களிடம் கேட்கவும் செய்தார். பிழை தேட உதவுமானால் எடுக்கலாம் என்று பதில் வந்தது. எடுத்த வடிவம்தான் எல்லா டெபியன் கணினிகளுக்கும் போகப்போகிறது என்பது அந்தக் கேள்வியில் தெளிவாக இல்லை.

இரண்டு வரிகளும் பார்வைக்கு ஒரே மாதிரி. ஒன்றை எடுத்ததால் பெரிய நஷ்டமில்லை. மற்றது, சீரற்ற எண்களை உருவாக்கும் குளத்துக்குள் புதிய நீரை விடும் வாய்க்கால். அது அடைபட்டதும், ஒவ்வொரு முறையும் மாறுகிற ஒரே விஷயமாக மிஞ்சியது புராசஸ் எண் (ஓடும் நிரலுக்குக் கணினி தரும் எண்). அது வழக்கமாக 32,768-க்குள் அடங்கிவிடும். ஏறக்குறைய 2 வருடம், டெபியனிலும் உபுண்டுவிலும் உருவான எஸ்எஸ்எச் சாவிகள் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையக் கடவுச்சொல்லுக்குப் பதில் பயன்படுபவை) அந்தச் சின்னப் பட்டியலுக்குள்ளேயே இருந்தன. 2008 மே 13-ஆம் தேதிதான் அறிவிப்பு வந்தது. கடவுச்சொல் பாதுகாப்பில்லை, சாவிக்கு மாறுங்கள் என்று கேட்டு மாறியவர்கள்தான் இதில் மாட்டிக்கொண்டார்கள்.

அங்கே யாரும் பொய் சொல்லவில்லை. "இந்த வரி இல்லாமல் போனால் சீரற்ற தன்மை எங்கிருந்து வரும்?" என்று கேட்கத்தான் ஆள் இல்லை.

சரி, பேட்சைத் திறந்ததும் எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

டிஃப்பிலிருந்து (மாறிய வரிகளை மட்டும் காட்டும் பட்டியலிலிருந்து) ஆரம்பிக்காதீர்கள். டிஃப் மாறிய வரிக்கு மேலும் கீழும் மூன்று வரிதான் காட்டும். அது சன்னல் வழியாக வீட்டைப் பார்ப்பது மாதிரி. சரிபார்க்கும் செயற்கூறு (ஃபங்ஷன்) முழுவதையும் திறந்து வைத்து, அதிலிருந்து வெளியேறும் வழிகளை எண்ணுங்கள். எத்தனை ‘ரிட்டர்ன்’, எத்தனை ‘கோடூ’, எங்கெல்லாம் பிழை எழுப்பப்படுகிறது. பிறகு ஒரு தாளில் இந்தச் சூழ்நிலைகளை எழுதுங்கள்: சரியான கடவுச்சொல், தவறானது, காலியானது, ரொம்ப நீளமானது, இல்லாத பயனர், முடக்கப்பட்ட கணக்கு, தரவுத்தளம் பதில் தரவில்லை, நினைவகம் கிடைக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் பேட்சுக்கு முன் என்ன விடை, பின் என்ன விடை என்று பக்கத்தில் குறித்துக்கொண்டே போங்கள். கணினியில் செய்யாதீர்கள், தாளில் செய்யுங்கள். எனக்கு அப்படித்தான் மூளை வேலை செய்கிறது.

‘காலியானது’ என்ற வரியைப் பார்த்துச் சிரிப்பவர்கள் உண்டு. 2017-இல் இன்டெலின் தொலைமேலாண்மை வசதியில் வெளிவந்த ஓட்டை அதுதான் (அது திறமூலம் அல்ல, ஆனால் தவறு எல்லோரும் செய்யக்கூடியது). ஒப்பிட வேண்டிய நீளத்தை, உள்ளே வர முயல்பவர் அனுப்பிய விடையின் நீளத்திலிருந்து எடுத்தார்கள். விடை காலியாக இருந்தால் நீளம் சுழியம். சுழிய எழுத்துகளை ஒப்பிட்டால் எப்போதும் சமம்தானே.

கடவுச்சொல்லை உள்வாங்கும் பகுதியையும் விட்டுவிடாதீர்கள். கணினியைத் தொடங்கிவைக்கும் கிரப் 2 மென்பொருளில், பயனர் பெயர் கேட்கும் இடத்தில் பேக்ஸ்பேஸ் விசையை 28 முறை தட்டினால் கடவுச்சொல்லே இல்லாமல் உள்ளே போக முடிந்தது. நீளம் சுழியமாக இருக்கும்போதும் ஒன்றைக் கழித்துக்கொண்டே போனதால் வந்த வினை. 2009-இல் நுழைந்து 2015 டிசம்பரில் ஸ்பெயினின் வலென்சியா தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் வெளியிடும்வரை இருந்தது. திருத்தம் என்ன தெரியுமா? ‘நீளம் சுழியம் இல்லை என்றால் மட்டும்’ என்று ஒரு நிபந்தனை.

சுழியம் என்றால் சரியா, தவறா? எப்போதும் குழம்புகிறேன்.

எல்லோரும் குழம்புகிறார்கள். சி மொழியில் ஒப்பிடும் செயற்கூறுகள் ‘இரண்டும் சமம்’ என்பதற்குச் சுழியம் தரும். லினக்ஸில் லாகினைச் சரிபார்க்கும் பேம் அமைப்பிலும் வெற்றி என்றால் சுழியம். நம் திட்டத்தில் ‘கடவுச்சொல் சரியா’ என்று எவராவது ஒரு செயற்கூறு எழுதியிருந்தால், அது சரி என்பதற்கு 1 தரும். இவை மூன்றும் ஒரே கோப்பில் சந்திக்கும்.

நானே ஒருமுறை ஏமாந்தேன். ‘சின்னச் சீரமைப்பு’ என்ற தலைப்பில் வந்த பேட்சை இரவு பதினொன்றரை மணிக்குப் பார்த்து மெர்ஜ் செய்துவிட்டேன். அதில் ஒரு செயற்கூறின் விடை தலைகீழாகியிருந்தது. காலையில் எழுந்தால் யாராலும் உள்ளே நுழைய முடியவில்லை என்று ஏழெட்டுப் புகார். திருத்திவிட்டு டீ குடிக்கும்போதுதான் உறைத்தது: வேறொரு நிபந்தனையில் தலைகீழாகியிருந்தால் எல்லோரும் உள்ளே நுழைந்திருப்பார்கள், ஒரு புகாரும் வந்திருக்காது. திறக்காத பூட்டைப் பற்றி ஒரு மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள். எந்தச் சாவிக்கும் திறக்கிற பூட்டைப் பற்றி யார் வந்து சொல்வார்?

மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தளத்தின் கதை இதைவிட நுட்பம். 2012 ஜூனில் வெளியான அந்த ஓட்டையில் (ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் அதன் எண் சிவிஇ-2012-2122), ஒப்பீட்டின் விடை முழு எண்ணாக வந்தது. அதை ஒரே பைட் அளவுள்ள வகையாக மாற்றித் திருப்பி அனுப்பினார்கள். ஒப்பிடும் செயற்கூறு -128-க்கும் 127-க்கும் இடைப்பட்ட எண்ணைத்தான் தரும் என்று மனத்துக்குள் ஒரு நம்பிக்கை. சி மொழியின் தரம் அப்படி உறுதி கொடுக்கவில்லை. வேகத்துக்காகச் செதுக்கப்பட்ட சில நூலக வடிவங்கள் பெரிய எண்களையும் தந்தன. 256, 512 போன்ற எண்ணின் கடைசி பைட்டை மட்டும் வைத்துக்கொண்டால் சுழியம். சுழியம் என்றால் சமம், சமம் என்றால் உள்ளே வா. ஆக, பாதிக்கப்பட்ட கணினிகளில் தவறான கடவுச்சொல்லுக்கும் 256-இல் ஒரு வாய்ப்பு. ஒரே தவறான கடவுச்சொல்லோடு சில நூறு முறை முயன்றால் பெரும்பாலும் உள்ளே போய்விடலாம்.

அந்த வரியை டிஃப்பில் பார்த்திருந்தால் நான் பிடித்திருப்பேனா? சத்தியமாக மாட்டேன். அதனால்தான் இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறேன்: செயற்கூறு என்ன வகையைத் திருப்புகிறது, அழைப்பவர் அதை எந்த வகையில் வாங்கிக்கொள்கிறார், இரண்டையும் எழுதிப் பார்ப்பேன். இரண்டும் ஒன்றாக இல்லாவிட்டால் உடனே கேள்வி.

பிஎச்பி மொழியில் எழுதுபவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. இரட்டைச் சமக்குறியால் ஹாஷ்களை ஒப்பிடும் பேட்ச் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு திருப்பி அனுப்புங்கள். சுழியம், அடுத்து ‘இ’ என்ற ஆங்கில எழுத்து, பிறகு முழுக்க இலக்கங்கள் என்று அமைந்த இரண்டு ஹாஷ்களை அது எண்களாக நினைத்து, இரண்டுமே சுழியம் என்று முடிவுகட்டிவிடும். 240610708 என்ற எண்ணின் எம்டி5 ஹாஷ் அப்படிப்பட்டது.

வெறும் சுத்தப்படுத்தல்தான் என்கிறார்கள். அதற்குமா இவ்வளவு?

அதற்குத்தான் இவ்வளவு. புதிய வசதி என்று வந்தால் பத்துப் பேர் பார்ப்பார்கள். சுத்தம் என்றால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

2011 ஆகஸ்டில் பிஎச்பி 5.3.7 வெளியானது. அதற்கு முன், நிரலை அலசும் கருவி காட்டிய எச்சரிக்கைகளுக்காக, ஆபத்தான பழைய சர (ஸ்ட்ரிங்) இணைப்புச் செயற்கூறுகளை எடுத்துவிட்டுப் பாதுகாப்பானவற்றைப் போட்டார்கள். நல்ல எண்ணம். எம்டி5 முறையில் கடவுச்சொல்லை ஹாஷ் செய்யும் இடத்தில் ஒரு டாலர் குறியை ஒட்டும் வரியும் மாறியது. புதிய செயற்கூறின் கடைசி அளபுரு (அதற்குக் கொடுக்கும் மதிப்பு) மொத்த இடம் எவ்வளவு என்று கேட்கிறது. எழுதியவர் எத்தனை எழுத்து ஒட்ட வேண்டும் என்று நினைத்து 1 கொடுத்தார். டாலர் குறி ஒட்டவில்லை. விளைவாக, ஹாஷ் கேட்டால் சால்ட் (ஹாஷ் செய்யும்போது சேர்க்கும் சீரற்ற எழுத்துகள்) மட்டும் வந்தது. அந்த வடிவத்தில் புதிதாகச் சேமித்த கடவுச்சொல்லுக்கு ஹாஷே கிடையாது. பிறகு எதைத் தட்டினாலும் அதே சால்ட் வரும், பொருந்திவிடும். இதைப் பிடிக்கிற டெஸ்ட் (நிரலைத் தானாகச் சோதிக்கும் சிறு நிரல்) அவர்களிடம் இருந்தது, தோற்கவும் செய்தது. ஏற்கெனவே தோற்றுக்கொண்டிருந்த மற்ற டெஸ்ட்களின் கூட்டத்தில் அது யார் கண்ணிலும் படவில்லை. சில நாளில் 5.3.8 வந்து சரிசெய்தது.

அண்மைய உதாரணம் வேண்டுமானால், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்எச் மென்பொருள். லாகின் செய்ய வழக்கமாக 120 விநாடி அவகாசம். அதற்குள் முடிக்காவிட்டால் ஒரு சிக்னல் வந்து இணைப்பைத் துண்டிக்கும். அந்தச் சிக்னலுக்குள் செய்யக்கூடாத வேலைகள் சில உண்டு. அதைப் பற்றி 2006-லேயே ஒரு ஓட்டை வெளிவந்து, ஒரு நிபந்தனை வரியால் மூடப்பட்டது. 2020 அக்டோபரில் பதிவேடு எழுதும் பகுதியைத் திருத்தி அமைத்தபோது அந்த நிபந்தனை விடுபட்டது. 14 வருடத்துக்கு முன் மூடிய ஓட்டை மறுபடி திறந்தது. 2024 ஜூலை 1-ஆம் தேதி குவாலிஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தார் அதை வெளியிட்டார்கள்.

ஆகவே, ஒரு வரியை எடுக்கும் பேட்ச் வந்தால், அது ஏன் வந்தது என்று முதலில் தேடுங்கள். மாற்ற வரலாற்றைக் காக்கும் கிட் கருவியில், ‘கிட் பிளேம்’ கட்டளை அந்த வரியைக் கடைசியாகத் தொட்டவரைத்தான் காட்டும். ‘கிட் லாக்’ கட்டளையில் பெரிய ‘எஸ்’ எழுத்தோடு அந்தச் சொற்களைக் கொடுத்தால், அவை எந்தக் கமிட்டில் (பதிவான மாற்றத்தில்) முதலில் நுழைந்தன என்பதுவரை போகலாம். காரணம் கிடைக்காவிட்டால் எடுக்க விடாதீர்கள். அந்த வரிக்கு மேலே காரணத்தைக் கருத்தாக எழுதிவைக்கும் பேட்ச் ஒன்றை நீங்களே அனுப்பினால் அடுத்தவருக்குத் தொல்லை மிச்சம்.

இடைவெளி மாற்றங்களை மறைத்து டிஃப் பார்க்கும் வசதி நல்லதுதான். பைத்தானில் மட்டும் அதை நம்பாதீர்கள். அங்கே இடைவெளியே தர்க்கம்.

பயனர் இல்லாவிட்டால் உடனே திரும்பிவிடும்படி ஒருவர் மாற்றியிருக்கிறார். வேகம் கூடுகிறதே, நல்லதுதானே?

வேகம் கூடும் இடம்தான் பிரச்சினை. இருக்கிற பயனருக்கு ஹாஷ் கணக்கிட அரை விநாடி, இல்லாத பயனருக்கு உடனடி விடை என்றால், கடிகாரம் வைத்துக்கொண்டு யார் யாருக்குக் கணக்கு இருக்கிறது என்று வெளியிலிருந்தே கண்டுபிடித்துவிடலாம். அதனால் இல்லாத பயனருக்கும் ஒரு போலி ஹாஷைக் கணக்கிட வேண்டும்.

அதிலும் ஒரு கண்ணி. ஓப்பன்எஸ்எஸ்எச் போலி ஹாஷை வைத்துத்தான் இருந்தது, ஆனால் அது புளோஃபிஷ் முறையில். உண்மையான பயனர்களின் ஹாஷ் பல கணினிகளில் எஸ்எச்ஏ வகை. பத்துக் கிலோபைட் நீளத்துக்குக் கடவுச்சொல் அனுப்பினால் இரண்டுக்கும் ஆகும் நேரம் பளிச்சென்று வேறுபட்டது. 2016-இல் அது வெளிவந்து திருத்தப்பட்டது.

ஹாஷ்களையும் டோக்கன்களையும் ஒப்பிடும் வரியில், எல்லா எழுத்துக்கும் ஒரே நேரம் எடுக்கும் செயற்கூறுதான் இருக்க வேண்டும். பெரும்பாலான மொழிகளில் ஆயத்தமாகவே இருக்கிறது. சொந்தமாக எழுதி அனுப்பினால் ஏற்காதீர்கள்.

தமிழில் கடவுச்சொல் வைத்துச் சோதித்துப் பார்ப்பதால் பயன் உண்டா?

நிறைய. நம்மால் சுலபமாகச் செய்ய முடிந்த, மற்றவர்கள் பெரும்பாலும் செய்யாத சோதனை இது.

யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட். ‘தமிழ்நாடு’ என்ற சொல்லில் 9 குறியீடுகள், ஆக 27 பைட். பிகிரிப்ட் ஹாஷ் முறை முதல் 72 பைட்டுகளுக்கு மேல் பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் 72 எழுத்து யாரும் வைக்க மாட்டார்கள் என்று விட்டுவிடுவார்கள். தமிழில் 24 குறியீடுகளிலேயே எல்லை வந்துவிடும், அதாவது மூன்று சொல் வைத்தாலே தாண்டிவிடலாம். தாண்டிய பகுதி எப்படி இருந்தாலும் ‘சரி’ என்றே விடை வரும். வெட்டாமல் மறுப்பதா, முன்கூட்டியே வேறு ஹாஷால் சுருக்குவதா என்பது திட்டத்தின் முடிவு; வெட்டுகிறோம் என்பது தெரிந்தாவது இருக்கவேண்டும். 2024 அக்டோபரில், லாகின் சேவை தரும் ஓக்டா நிறுவனம் வெளியிட்ட ஓட்டையும் இதே எல்லையால் வந்தது. அடையாள எண், பயனர் பெயர், கடவுச்சொல் மூன்றையும் ஒட்டி பிகிரிப்டுக்குக் கொடுத்தார்கள். பயனர் பெயர் 52 எழுத்தோ அதற்கு மேலோ போனால், கடைசியில் நின்ற கடவுச்சொல்லுக்கு இடமே இல்லை.

இன்னொன்று 2011-இல் தெரியவந்தது. பல லினக்ஸ் வெளியீடுகளும் பிஎச்பியும் பயன்படுத்திய பிகிரிப்ட் நிரலில், எழுத்தைக் கூட்டல், கழித்தல் குறி உள்ள எண்ணாக எடுத்துக்கொண்ட ஒரு பிழை. நான்கு நான்கு பைட்டுகளாகச் சேர்க்கும்போது, மேல் பிட் 1 ஆக உள்ள பைட் தனக்கு முன் வந்தவற்றை அழித்துவிடும். ஆங்கில எழுத்துகளுக்கு மேல் பிட் சுழியம், அதனால் ஆங்கிலத்தில் எத்தனை வருடம் சோதித்தாலும் வெளியே வராது. தமிழில் எல்லா பைட்டுக்கும் மேல் பிட் 1.

மூன்றாவது, ‘கொ’. இதைக் ‘க’வும் ஒற்றை ஒகரக் குறியுமாக எழுதலாம், 6 பைட். ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக வந்தால் 9 பைட். திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், ஹாஷ் வேறாகும். கைபேசியில் வைத்த கடவுச்சொல் கணினியில் மறுக்கப்பட்டால் இதையும் சந்தேகப்படுங்கள். இதற்காக எழுத்துகளை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் பேட்ச் ஒருவர் அனுப்பினால், ஏற்கெனவே சேமித்த பழைய ஹாஷ்களின் கதி என்ன என்று கேட்க மறக்காதீர்கள்.

டெஸ்ட் எல்லாம் பச்சை காட்டுகிறது. போதாதா?

டெஸ்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு, பேட்சைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பச்சை காட்டினால் அந்த டெஸ்ட் எதையும் சோதிக்கவில்லை. பிறகு ஒப்பீட்டு வரியை நீங்களே கெடுத்து, ‘எப்போதும் சரி’ என்று திருப்பும்படி செய்யுங்கள். ஏதாவது ஒரு டெஸ்டாவது சிவப்பாக வேண்டும். லாகின் டெஸ்ட்களில் சரியான கடவுச்சொல்லுக்குப் பத்து, தவறானதற்கு ஒன்று என்றுதான் வழக்கமாக இருக்கும். எனக்கு அது தலைகீழாக வேண்டும்.

வேண்டுமென்றே மழுப்பலாக எழுதப்படும் விளக்கங்களும் உண்டா?

உண்டு. ஓட்டையை மூடும் பேட்சில் ஓட்டையை விவரித்துவிட்டால், பயனர்கள் புதுப்பிக்கும் முன் திருடர்கள் படித்துவிடுவார்கள் என்று சிலர் அடக்கி வாசிப்பார்கள். 2018-இல் ஓப்பன்எஸ்எஸ்எச்சில் வந்த ஒரு கமிட், தவறான பயனருக்கு முடிவு சொல்வதை, வந்த தரவுப் பொட்டலத்தை முழுக்கப் படித்த பிறகு என்று தள்ளிவைப்பதாக மட்டும் சொன்னது. பாதுகாப்பு என்ற பேச்சே இல்லை. அதைப் பார்த்த குவாலிஸ் ஆட்கள், இது பயனர் பெயர்களைக் கண்டுபிடிக்க உதவும் ஓட்டை என்று ஊகித்துவிட்டார்கள். மழுப்பினாலும் தெரிகிறவர்களுக்குத் தெரிந்துவிடும் என்பதால் எனக்கு இந்த முறையில் பெரிய நம்பிக்கை இல்லை. பொதுவில் மழுப்பினாலும், ரிவ்யூ செய்பவரிடம் தனியாக முழு விவரமும் சொல்லியாக வேண்டும். சொல்ல மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.

கெட்ட எண்ணத்தோடு அனுப்பப்பட்டதை எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணத்தைத் தேடாதீர்கள், விளைவைப் பாருங்கள். 2003 நவம்பரில் லினக்ஸ் கெர்னலின் நகல் களஞ்சியம் ஒன்றில் இரண்டு வரிகள் நுழைக்கப்பட்டன. பயனர் எண் சுழியமா என்று கேட்பதுபோல் தெரிந்த இடத்தில் ஒரு சமக்குறி குறைவு. அதனால் அது கேட்காமல், பயனர் எண்ணைச் சுழியமாக்கி ரூட் அதிகாரம் (கணினியின் முழு அதிகாரம்) கொடுத்தது. மூலக் களஞ்சியத்தோடு நகல் ஒத்துப்போகவில்லை என்பதால் பிடிபட்டது. 2021 மார்ச்சில் பிஎச்பியின் சர்வரில், முக்கியமான இருவரின் பெயரில் ‘எழுத்துப்பிழை திருத்தம்’ என்று வந்த கமிட்டில் பின்கதவு இருந்தது. கமிட்களைப் படிக்கும் வழக்கம் உள்ளவர்கள் சில மணி நேரத்தில் பிடித்தார்கள். தெரிந்த பெயர்தானே என்று விட்டிருந்தால்?

கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் மென்பொருளின் விவகாரம் வேறு ரகம். 2024 மார்ச் 29 அன்று வெளிவந்தது. களஞ்சியத்தை மட்டும் படித்தவருக்கு முழுக் கதையும் தெரிந்திருக்காது: பின்கதவின் உடல் டெஸ்ட் கோப்புகளுக்குள் ஒளிந்திருந்தது, அதை எழுப்பும் துண்டு வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் இருந்தது. எஸ்எஸ்எச் லாகின் அரை விநாடி தாமதமாகிறதே என்று ஆண்ட்ரஸ் பிராய்ண்ட் என்ற நிரலாளர் நோண்டப் போய்த்தான் தெரிந்தது. பின்கதவை வைத்த ஆள் சேர்த்த இன்னொரு மாற்றத்தில், ஒரு பாதுகாப்பு வசதி இருக்கிறதா என்று பார்க்கும் சிறு நிரலில் தனியாக ஒரு முற்றுப்புள்ளி. அந்த நிரல் எப்போதும் தோற்கும், வசதி இல்லை என்று முடிவாகும். திரையில் தூசி என்று நினைத்துத் துடைத்திருப்போம்.

செயற்கை நுண்ணறிவு எழுதிய பேட்ச் என்று தோன்றினால்?

யார் எழுதினாலும் கேள்வி அதேதான். அனுப்பியவரால் தன் சொற்களில் விடை சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். கேட்ட கேள்விக்கு மூன்று பக்கத்தில் பளபளப்பாக விடை வந்து, கேட்டது மட்டும் அதில் இல்லை என்றால் மூடிவிடலாம்.

மனம் நோகாமல் மறுப்பது எப்படி?

ஆளை விட்டுவிட்டு வரியைப் பற்றிப் பேசுங்கள். "ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்பதைவிட "தரவுத்தளம் பதில் தராதபோது இந்த வரி என்ன திருப்பும்" என்பது நல்லது. முதல் பேட்ச் அனுப்பும் பிள்ளைகள் பலர் பாராட்டை எதிர்பார்த்து வருகிறார்கள். நன்றி சொல்லிவிட்டு ஆரம்பித்தால் குறைந்துபோகாது. அவசரம், நாளைக்கே வேண்டும் என்று நெருக்கினால் அசையாதீர்கள். எக்ஸ்இசட் பராமரிப்பாளரை 2022-இல் அப்படித்தான், முன்பின் தெரியாத பெயர்களில் வந்து நெருக்கினார்கள்.

மெர்ஜ் ஆன பிறகு தவறு தெரிந்தால்?

பொதுவில் எழுதாமல், திட்டத்தின் பாதுகாப்பு முகவரிக்கு முதலில் சொல்லுங்கள். நீங்கள்தான் ரிவ்யூ செய்தீர்கள் என்பதையும் சொல்லிவிடுங்கள், அந்த நேரத்தில் என்ன நினைத்து ஏற்றீர்கள் என்பது திருத்துபவருக்கு உதவும்.

அப்புறம், நிரலைத் திருத்துவது பாதி வேலைதான். கெட்ட நிரல் ஓடிய நாட்களில் உருவான ஹாஷ்களும் சாவிகளும் அப்படியே கிடக்கும். 2011-இல் பிகிரிப்டைத் திருத்தியபோது, சந்தேகமான பழைய ஹாஷ்களைப் பிரித்துக் காட்ட ‘2எக்ஸ்’ என்றும், சரியாகக் கணக்கிட்டவற்றுக்கு ‘2ஒய்’ என்றும் புதிய முன்னொட்டுகளே கொண்டுவர வேண்டியிருந்தது. டெபியன் 2008-இல் பலவீனமான சாவிகளின் பட்டியலையும், அவற்றைத் தேடிப்பிடிக்கும் கருவியையும் திருத்தத்தோடு சேர்த்தே அனுப்பியது. இன்றும் எங்கேயாவது பிகிரிப்ட் ஹாஷ் ‘2ஒய்’ என்று ஆரம்பிப்பதைப் பார்த்தால், அது அந்தத் திருத்தத்தின் தழும்பு.